பத்தாவது கட்டை

விழுப்புரம் ஜங்ஷனின் வடக்குக் கேபினில், தண்டவாளத்தை மாற்றவும் கைகாட்டியை இறக்கவும் முப்பத்திரண்டு லீவர்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட தேவசகாயம் வெறுங்கையால் தொட்டது கிடையாது. கை வியர்வை பட்டால் பளபளப்பான இரும்புப் பிடி துருப்பிடித்துவிடும். அதனால் கேபின்காரர்கள் எல்லோருமே ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் லீவர் இழுப்பார்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் துணியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தேவசகாயம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்கே போவார். தாசில்தாருக்கு முன்னால் டவாலிச் சேவகன் நடக்கிறான். கேபின்காரருக்கு யார் நடக்கப்போகிறார்கள்? துணிதான் நடக்க வேண்டும்.

இந்தப் பெருமையை அவருக்கு மன்னித்துவிடலாம். வானூர்ப் பக்கத்தில் யார் யாருடைய நிலத்திலோ தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிய குடும்பம். அதில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். தன்னால் எந்த வண்டியும் ஒரு நிமிஷம்கூடத் தாமதமானதில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மகள் வாய்த்தாள். பெயர் இருதயமேரி, வயது நாலே முக்கால். அவளுடைய கவுனில் முன்பக்கம் ஐந்து பொத்தான்கள். அவற்றைப் போட்டு முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். முடித்துவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து போடுவாள். தகர டப்பாவில் இருக்கும் அரிசியை இன்னொரு டப்பாவில் கொட்டுவாள், அதிலிருந்து இதில் கொட்டுவாள். கீழே சிந்திய நாலு மணியையும் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் கொட்டுவாள். பேச்சு அதிகம் கிடையாது.

அவளைத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பதினோராம் நாள், வாத்தியார் அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டார். பிள்ளைகள் எல்லாம் ஆனா ஆவன்னா கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இவள் சாக்குக்கட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். புத்தி மந்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்படியில் பழக்கினால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு யோசனையையும் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்.

தேவசகாயத்துக்கு அன்றைக்கு சோறு இறங்கவில்லை. மகள் டீச்சரம்மாவாகக் குடை பிடித்துப் போவதை அவர் மனத்துக்குள் பல தடவை பார்த்தாகிவிட்டது. அவர் மனைவி சவுரியம்மாளோ அசைந்து கொடுக்கவில்லை.

"மந்தம் இன்னா மந்தம்? அவ அவ வேலையப் பாத்துக்கினு கீறா. அந்த ஆளுக்குத்தான் வேல இல்ல, ஊடு ஊடா வந்து சொல்லிக்கினு திரியறாரு" என்றாள்.

இது நடந்தது நாற்பத்திரண்டாம் வருஷம். அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே ரயிலேறியது. கட்டில், உரல், கூண்டுக் கிளி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கழற்றிய கதவு என்று எல்லாம் தெற்கே வந்தன. அந்தக் கூட்டத்தில் கெங்கம்மாள் என்ற ஓர் ஆசிரியை இரண்டு தகரப் பெட்டிகளோடு திண்டிவனத்தில் இறங்கினாள். அடையாற்றில் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவள். பெட்டிகளில் நகையோ பட்டோ இல்லை. மரக்கட்டைகள் இருந்தன.

திண்டிவனத்தில் அப்போது வெங்கடாசலம் என்பவர் ஓய்வு பெற்று, எதற்குத் தலைமை தாங்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் சர்க்கார் உப்பைப் பூட்டிக் காவல் காத்தவர். ஆசிரியையையும் பெட்டிகளையும் அவர் ஒரே வாரத்தில் கைப்பற்றினார். காலியாகக் கிடந்த ஒரு மல்லாட்டை மண்டி கட்டடமாயிற்று. வாசலில் "ஸ்ரீ வெங்கடாசல மாண்டிசோரி பாலர் கலாசாலை" என்று போர்டு ஏறியது. போர்டு கட்டடத்தைவிட ஒரு முழம் அகலம்.

செய்தி ரயில் மார்க்கமாகத்தான் விழுப்புரம் வந்தது. அடித்தால்தான் படிக்கும் என்று நினைக்காத பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறதென்று பாசஞ்சர் வண்டியின் கார்டு சொன்னார். அன்றிலிருந்து தேவசகாயம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மாண்டிசோரி என்றால் என்னவென்று விசாரித்தார். அது ஒருவகைப் பால் பவுடர் என்றார் பார்சல் கிளார்க். இத்தாலி தேசத்துப் பெயர், இத்தாலியோ சர்க்காருக்கு எதிரி, பார்த்து நடந்துகொள் என்று காதில் சொன்னார் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அங்கே பிள்ளைகள் இஷ்டப்படி மேஜை மேல் ஏறி நிற்குமாம், கலெக்டர் வந்தாலும் இறங்காதாம் என்றான் பிளாட்பாரத்தில் தண்ணீர் ஊற்றும் பெரியதம்பி.

தேவசகாயம் கலாசாலையின் செயலாளரான வெங்கடாசலத்துக்கு மனுப் போட்டார். ஒரே ஓர் இடம் மட்டும் மீதியிருப்பதாகவும், குழந்தையைப் பெற்றோருடன் சனிக்கிழமை ஆஜர்படுத்தினால் பரிசீலிக்கப்படும் என்றும் பதில் வந்தது. ஆஜர்படுத்தினால் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை படித்தார். இதுவும் இல்லையென்று போனால் வாத்தியார் சொன்ன அடுப்படிதான்.

ஒரு வாரம் வீட்டில் பரீட்சைக்காலம் நடந்தது. "குட் மார்னிங் சார்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் வாய்ப்பாடு கற்றுக்கொடுத்தார். கையைக் கட்டி அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார். மேரி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை.

"அவள இன்னா கிளிப்புள்ளையா ஆக்கறியா? எங்க அக்கா ஊட்ல தங்கிப் படிக்கட்டும்னு நானே மனசக் கல்லாக்கிக்கினு கீறேன். நீ வேற பேஜாரு பண்ணாத" என்றாள் சவுரியம்மாள். அவளுடைய அக்கா வீடு திண்டிவனத்தில் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் குழந்தை அங்கே. இதற்கு ஒப்புக்கொள்ள அவள் எத்தனை நாள் மூக்கைச் சிந்தினாள் என்பது அடுப்புக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் புறப்பட்டார்கள். மேரியின் பொத்தான்களைத் தேவசகாயமே நாலு நொடியில் போட்டுவிட்டார். வண்டி நேரம் பொத்தானுக்காகக் காத்திருக்குமா?

மண்டிக்குள் இன்னும் மல்லாட்டை வாசனை போகவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வண்ணக் கட்டைகளும் கோல்களும் கோயில் நகை மாதிரி பளபளத்தன. அலமாரியில் ஒரு பூட்டு. பூட்டின் சாவி வெங்கடாசலத்தின் இடுப்பில்.

அவர் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எந்தத் தெரு என்றும் கேட்டார். பிறகு பெஞ்சில் இடமில்லை, இப்படி ஓரமாக நிற்கலாம் என்றார். பெஞ்சில் யாரும் இல்லை.

பிரசங்கம் தொடங்கியது. "குழந்தையின் சுதந்திரமே இக்கலாசாலையின் உயிர்நாடி" என்று அவர் தேவசகாயத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாயின் பக்கம் திரும்பி, "அசையாதே" என்று ஒரு பையனை அதட்டினார். பிறகு சுதந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கெங்கம்மாள் சுவரோரமாக நின்றாள். நாற்பது வயதிருக்கும், நூல் புடவை, முன் நரை. சவுரியம்மாள் மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் எப்படி என்று ரகசியமாகக் கேட்டாள். ஒருநாளும் வெங்கடாசலத்திடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"எந்தப் பள்ளிக்கூடத்தைப் பாக்கப் போனாலும் போர்டைப் பாக்காதீங்கம்மா. பிள்ளைங்க கையைப் பாருங்க" என்றாள் கெங்கம்மாள், உதடு அதிகம் அசையாமல். "கை சும்மா இருந்தா அதுக்கு என்ன பேர் வெச்சாலும் ஒண்ணுதான். ஆறு வாரமா சாவி கேக்கறேன். அழுக்குப் படுமாம்."

இதற்குள் வெங்கடாசலம் அலமாரியைத் திறந்திருந்தார். பெற்றோருக்குக் காட்டுவதற்காக நீளமான ஒரு கட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். கட்டையில் வரிசையாகப் பத்துக் குழிகள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொரு குழிக்குள்ளும் தலையில் குமிழ் வைத்த ஓர் உருளைக் கட்டை. பத்தையும் வெளியே எடுத்து வைத்து, இதன் மூலம் குழந்தையின் புலன்கள் எவ்வாறு மலர்கின்றன என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே, பேச்சின் சுவாரசியத்தில், கைக்கு வந்ததைக் கைக்கு வந்த குழியில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்பது உள்ளே போயின. பத்தாவது அவர் கையில் நின்றது. மீதியிருந்ததோ எல்லாவற்றிலும் சின்னக் குழி. கையில் இருந்ததோ எல்லாவற்றிலும் பெரிய கட்டை. அழுத்திப் பார்த்தார். திருகிப் பார்த்தார். தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்தது.

"திண்டிவனத்துக் காற்றில் ஈரம் அதிகம். மரம் ஊதியிருக்கிறது" என்றார்.

திண்டிவனத்தில் மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை.

மேரி தகப்பனார் கையை விட்டுவிட்டு மேஜைக்குப் போனாள். குட் மார்னிங் சொல்லவில்லை. செயலாளர் கையிலிருந்த கட்டையைத் தன் சொத்தை வாங்குவதுபோல வாங்கினாள். ஒன்பதையும் குமிழைப் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

இருந்த ஒரே இடமும் போயிற்று என்று தேவசகாயம் நினைத்தார். ஓடிப்போய்ப் பிள்ளையை இழுக்கக் கை நீண்டபோது கெங்கம்மாள் குறுக்கே வந்தாள். "பொறுங்க ஐயா. கையை உங்களோடயே வெச்சிருங்க" என்றாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தோள் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மேரி ஒரு கட்டையை ஒரு குழியில் வைத்தாள். லொடலொடத்தது. எடுத்தாள். பக்கத்துக் குழியில் வைத்துப் பார்த்தாள். ஏறவில்லை. கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்றாவதில் வைத்தாள், பூனை தவிட்டு மூட்டையில் இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. யாரும் அவளைத் திருத்தவில்லை. சபாஷ் என்று யாரும் சொல்லவும் இல்லை. அவளும் யார் முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவசகாயத்துக்கு எதுவோ பிடிபடத் தொடங்கியது. அவருடைய கேபினிலும் இதேதான். ஒரு பாதைக்கு லீவரை இழுத்துக் கைகாட்டியை இறக்கிவிட்டால், அதற்கு எதிர்ப்பாதையின் லீவரை பீமசேனன் வந்தாலும் அசைக்க முடியாது. தரைக்குக் கீழே இரும்புப் பூட்டு தடுத்து நிற்கும். தப்பான லீவரில் கை வைத்தால் திட்டுவதற்கு இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. லீவரே வராது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அப்படித்தான் கற்றுக்கொண்டார். யாரும் அவரை மந்தம் என்று சொல்லவில்லை, இரும்புக்கு அந்தச் சொல் தெரியாததால்.

பத்தும் உள்ளே போயின. பத்தாவது கட்டை ஈரக்காற்றைப் பொருட்படுத்தாமல் தன் குழியில் உட்கார்ந்தது. மேரி ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்கினாள். பிறகு மூன்றாம் தடவை. பாயில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தன.

வெங்கடாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "முடித்ததையே திரும்பத் திரும்ப முடிக்கிறாள். குழந்தை மந்தம் போலிருக்கிறது" என்றார்.

"நீங்க ஒரு வாட்டிகூட முடிக்கலீங்களே சார்" என்றாள் சவுரியம்மாள்.

அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். பாயில் ஒரு பையன் சிரித்துவிட்டான். செயலாளர் நிமிர்ந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இருக்கும் ஒரே இடத்தைப் பற்றித் தீர யோசித்துப் பின்னர் எழுதுவதாகச் சொன்னார். அந்தப் பின்னர் எப்போதும் வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

தேவசகாயம் மேலதிகாரிகள் முன்னால் வாய் திறந்து பழகாதவர். துணியை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார்.

"சார், நானும் இருபது வருஷமா அதே லீவரத்தான் திரும்பத் திரும்ப இழுத்துக்கினு கீறேன். நீங்க பட்டணம் போய் வர்ற வண்டி அதுலதான் போவுது" என்றார். "இன்னொண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பாண்டிச்சேரி லைன்ல டிரைவர் கையில சாவி குடுத்தாத்தான் வண்டி நவுரும். எங்க மாஸ்டரு அத்த பத்திரமா இடுப்புல சொருவிக்கினு ஊட்டுக்குப் போயிட்டாருன்னு வைங்க, சாவி அழுக்காவாது. வண்டியும் போவாது."

வெங்கடாசலத்தின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

கெங்கம்மாள் அந்தச் சமயத்தை விடவில்லை. "அலமாரியில இருக்கற சாமான் என்னுது ஐயா. பூட்டு மட்டுந்தான் உங்களுது" என்றாள் அமைதியாக. "பூட்டைத் திறந்து விட்டா இந்தப் பிள்ளையோட சேத்து எல்லாருக்கும் பாடம் நடத்தறேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு இவங்க போற வண்டியிலயே விழுப்புரம் போயிடறேன். பெரிய ஜங்ஷன். ஒரு மண்டியாவது காலியா இல்லாமலா போகும்?"

வெங்கடாசலம் வாசல் பக்கம் பார்த்தார். ஆசிரியை போனால் மாண்டிசோரியும் போகும். மாண்டிசோரி போனால் அந்த அகலமான போர்டில் மிஞ்சுவது மல்லாட்டை மண்டிக்கு முன்னால் அவருடைய பெயர் ஒன்றுதான். மனிதர் நல்லவர், ஆனால் மல்லாட்டைக்குச் செயலாளராக இருக்க அவர் தயாராக இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதைத்தான் நான் இன்று நிரூபித்துக் காட்ட விரும்பினேன்" என்றார். சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். உப்பளத்தை விட்டு வந்த பிறகு அவர் இடுப்பிலிருந்து ஒரு சாவி இறங்கியது அதுதான் முதல் தடவை. வேட்டி இளகிவிட்டது போல ஒரு கூச்சம் முகத்தில் தெரிந்தது.

பிள்ளைகள் அலமாரியை மொய்த்தன. மேரிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தேவசகாயம் கர்த்தருக்கு நன்றி சொல்லத் தொடங்கியபோதுதான், நிஜமான பரீட்சை வந்தது. அது மேரிக்கு அல்ல. கெங்கம்மாள் குழந்தையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, அந்தக் காலிப் பெஞ்சில் உட்காரவைத்து, அவரிடம் கேட்டாள்.

குழந்தை தானாகச் சாப்பிடுமா? சாப்பிடும், சிந்தும் என்றார். சிந்தினால் யார் துடைப்பது? அவளேதான். பொத்தான் யார் போடுவது?

தேவசகாயம் துணியைப் பார்த்தார். "நான்தாம்மா. வண்டி நேரமாச்சுன்னு" என்றார்.

"அவளுக்கு நேரமாகலையே. உங்களுக்குத்தானே ஆச்சு?" என்றாள். "இங்க நான் என்ன சொல்லிக்குடுத்தாலும், திங்கக்கிழமை காலையில நீங்க அவ கையிலேந்து பொத்தானைப் பிடுங்கினா, எல்லாம் வீண். இந்த ஒண்ணுக்குச் சரின்னா பிள்ளையைக் கொண்டாந்து விடுங்க. ஃபீஸை அப்புறம் பேசிக்கலாம்."

வாத்தியார், செயலாளர், உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று எத்தனையோ பேரின் நிபந்தனைகளுக்குத் தலையாட்டியவர். இதற்குத் தலையாட்ட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியில் ஆட்டினார்.

புறப்படும்போது சவுரியம்மாள் அவரை முழங்கையால் இடித்தாள். மேஜை ஓரத்தில் வெங்கடாசலம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேரி விட்டுப்போன கட்டைக்கு முன்னால் குனிந்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பத்தாவது உள்ளே இறங்கியதும் யாராவது பார்த்தார்களா என்று தலையைத் தூக்கினார். இருவரும் சட்டென்று வெளியே இருந்த மாட்டு வண்டியை வேடிக்கை பார்த்தார்கள். அந்த மரியாதையையாவது அவருக்குச் செய்ய வேண்டியதுதான்.

திங்கட்கிழமை வந்தது. தேவசகாயம் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். தகரப் பெட்டியும் தின்பதற்குக் கேப்பை அடையுமாக மூவரும் விடியலிலேயே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் தயார், பொத்தான்கள் தவிர. வீட்டில் தொடங்கிய வேலையை மேரி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தொடர்ந்துகொண்டிருந்தாள். அசைந்தால் வேலை கெடும் என்பதால், முடிகிறவரை அவள் எழுந்திருக்க மாட்டாள்.

பாசஞ்சர் வந்து நின்றது. மூன்றாவது பொத்தான்.

கார்டு கையாட்டிக் கூப்பிட்டார். பார்சல் கிளார்க் வெளியே வந்து நின்றார். பெரியதம்பி வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். நாலாவது பொத்தான். மேரி கீழே குனிந்து பார்த்து, இரண்டாவது பொத்தான் மூன்றாவது ஓட்டையில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் அவிழ்த்தாள்.

"நாலு நொடி வேலைய்யா" என்றார் கார்டு.

தேவசகாயத்தின் விரல்களெல்லாம் துடித்தன. இருபது வருஷப் பெருமை இன்ஜின் பக்கம் இழுத்தது. தோளிலிருந்த துணியை எடுத்தார். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து அதை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார். சுற்றிய முனையைச் சவுரியம்மாள் உள்ளே செருகிவிட்டாள்.

வடக்குக் கேபினில் வேறு யாரோ லீவரை இழுத்தார்கள். வடக்கே கைகாட்டி இறங்கியது. வண்டி ஊதிவிட்டுத் திண்டிவனம் பக்கமாகப் போயிற்று. நேரத்துக்குத்தான் போயிற்று. அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

மேரி ஐந்தாவது பொத்தானைப் போட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு தகப்பனாரின் கட்டுப்போட்ட கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நைனா," என்றாள், "நான் அவுத்து வுடட்டா?"

"நீயே அவுரும்மா. மெதுவா அவுரு" என்றார் தேவசகாயம், கையை நீட்டிக்கொண்டு.